வெள்ளை ஓரம்

அத்தியாயம் 14

கைவண்டி வந்து வாசலில் நின்றபோது காலை ஒன்பது மணி இருக்கும். வண்டியில் வைக்கோலைப் பரப்பி, மேலே கோணிப்பையை விரித்து, பன்னிரண்டு படங்களையும் ஒன்றோடு ஒன்று முகம் பார்க்க அடுக்கிக்கொண்டு வந்திருந்தார் வேடியப்பன். மலையடிவாரத்தில் சாமி படங்களுக்குக் கண்ணாடி போட்டுச் சட்டம் அடிக்கிற கடை அவருடையது.

“ஆடிக் கிருத்திகைக்கு இன்னும் ஒம்போதே நாளு, தங்கச்சி. கடையில கால் வைக்க எடமில்ல. எல்லாத்தையும் தள்ளி வச்சிட்டு உன்னுத மொதல்ல முடிச்சிக்கினு வந்துட்டேன். பாத்துக்க.”

கோமளவல்லி பார்த்தாள். கருப்புச் சட்டம். உள்ளே தங்க நிறத்தில் மெல்லிசாக ஒரு கோடு. கண்ணாடியில் அவள் முகமே தெரிந்தது. மனசு நிறைந்துவிட்டது அவளுக்கு.

“இன்னாண்ணா, ஜிகினா ஒட்டலியா?”

“எங்கம்மா ஒட்டறது? எந்தச் சாமி ஆனாலும் கிரீடத்துல ஒட்டுவேன், ஒட்டியாணத்துல ஒட்டுவேன். இந்தச் சாமிக்குத் தலையே காணோமே. ஒண்ணுல காலு மட்டும் இருக்குது. இன்னொண்ணுல கை மட்டும் பறக்குது. வரஞ்சவரு பாதியில எழுந்து போயிட்டாரா?”

எதிர்வீட்டுத் தாயாரம்மாள் முறத்தோடு வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள்.

“அவரு ஏன் எழுந்து போறாரு? சாமிதான் எழுந்து போயிருக்கும். எத்தினி நேரம்தான் ஒத்தக் காலுல நின்னுகினு இருக்கும், பாவம்!”

மூவரும் சிரித்தார்கள். அன்றைக்கு அந்த வீட்டில் கேட்ட கடைசிச் சிரிப்பு அதுதான்.

அவை வழக்கமான சாமி படங்கள் இல்லை என்பது கோமளவல்லிக்கும் தெரியும். சென்னையில் ஜெகநாதன் என்று ஓர் ஓவியர். திருவாலங்காட்டில் மாதக்கணக்கில் தங்கி, பழைய சிற்பங்களையும் செப்புத் திருமேனிகளையும் பார்த்துப் பார்த்து, உருவத்தை விட்டுவிட்டு ஆட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, புதுமாதிரியாக வரைந்த படங்கள் அவை. மரச்சட்டத்தில் பட்டுத்துணியை இழுத்துக் கட்டி, அதன் வழியாக ஒவ்வொரு நிறமாக மையை ரப்பர் பட்டையால் இழுத்து, கையாலேயே அச்சடித்தவை. மொத்தம் பன்னிரண்டு படம். ஒவ்வொன்றிலும் முப்பதே பிரதி. முப்பதும் முடிந்த அன்றே துணியைக் கழுவி அழித்துவிடுவார்களாம். அப்புறம் ஓவியரே ஆசைப்பட்டாலும் முப்பத்தொன்றாவது பிரதி வராது.

அந்த முப்பதில் பதினேழாவது தொகுப்பு அவள் கணவர் பரந்தாமனுடையது.

பரந்தாமன் சார்பதிவாளர் அலுவலகத்தில் எழுத்தர். ஓவியர் ஒருநாள் திருத்தணியில் வந்து இறங்கி, அந்த அலுவலகப் படியேறி ஆலங்காட்டுக்கு வழி கேட்டாரே, அன்றைக்குப் பிடித்த பித்து. மாதம் ஒரு படமாக, தகரக் குழாயில் சுருட்டி, பதிவுத் தபாலில் வரும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துக்கொண்டுதான் பிரிப்பார். வந்த தேதி, படத்தின் பெயர், எண் என்று ஒரு நோட்டில் எழுதுவார். நடுநடுவே பட்டர் பேப்பர் வைத்து, பலகைப் பெட்டியில் அடுக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவார். மாதம் ஒருமுறை, கிருத்திகை நட்சத்திரத்தன்று விரதம் இருந்துவிட்டுப் பெட்டியைத் திறப்பார். மற்ற நாளில் பெண்டாட்டி பிள்ளைகூடத் தொடக்கூடாது.

இப்போது அந்தப் பன்னிரண்டையும் சென்னையில் கண்காட்சி வைக்கப் போகிறார்கள். ‘என் கைவசம் இருந்த பிரதிகள் போன மழையில் நனைந்துவிட்டன. வாங்கியவர்களில் பன்னிரண்டையும் ஒன்று விடாமல் வைத்திருப்பவர் நீங்கள் ஒருவர்தான். அனுப்பித் தர முடியுமா? இவற்றை அச்சடித்தவரையே அனுப்புகிறேன். அவர் கையில் கொடுத்தால் போதும்’ என்று ஓவியர் கடிதம் எழுதியிருந்தார்.

அச்சடித்தவர் வரப்போவது இன்று மாலை வண்டியில்.

நாலு பெரிய மனிதர்கள் வந்து பார்க்கப்போகிற படத்தை வெறும் தாளாகவா அனுப்புவது? தலை வாராமல் பெண்ணைக் கல்யாணத்துக்கு அனுப்புகிற மாதிரி அல்லவா இருக்கும்? கோமளவல்லிக்கு மனசு கேட்கவில்லை. பரந்தாமன் தணிக்கை வேலையாகச் செங்கல்பட்டுக்குப் போன அன்று அவள் கட்டிலுக்கு அடியில் குனிந்ததோடு போன வாரம் அவளை விட்டோம். குனிந்தவள் பெட்டியை இழுத்தாள். பன்னிரண்டையும் வேடியப்பனிடம் கொடுத்தாள்.

பத்தாவது படிக்கிற மகள் அம்மு மட்டும் அன்றைக்குத் தடுத்துப் பார்த்தாள்.

“வேணாம்மா. நைனாவுக்குத் தெரிஞ்சா...”

“நைனாவுக்குத் தெரியணும்னுதானேடி செய்றேன்? வந்து பாத்தாருன்னா அசந்து போயிடுவாரு.”

அன்றிலிருந்து அம்மு சரியாகச் சாப்பிடவில்லை. பரீட்சைப் பயம் என்று தாய் நினைத்துக்கொண்டாள்.

* * *

பரந்தாமன் வந்து சேர்ந்தபோது மணி ஒன்றரை. தோளில் துணிப்பை, கையில் குடை.

“கண்ணை மூடிக்கினு உள்ள வாங்க” என்றாள் கோமளவல்லி.

“ஏன், இன்னா விசேஷம்?”

“வாங்கன்னா.”

கூடத்துச் சுவர் முழுக்கப் பன்னிரண்டு படங்கள். கண்ணைத் திறந்தவர் ஒரு கணம் அப்படியே நின்றார். முகம் மலர்ந்தது. நீல நிறத்தில் வானத்தை நோக்கித் தூக்கிய ஒரு கால். கீழே தரையில் சிவப்பாக ஒரே ஒரு குழை. ஆடும்போது காதிலிருந்து விழுந்தது. ஐந்தாவது படம், அவருக்கு உயிர். அதை நோக்கி நடந்தார்.

கிட்டே போனார். குனிந்தார். படத்தின் அடியைப் பார்த்தார்.

பக்கத்துப் படத்துக்குப் போனார். அங்கேயும் குனிந்தார். அதற்கடுத்தது. அதற்கடுத்தது. பன்னிரண்டாவது படம்வரை போனார்.

“ஓரம் எங்க?”

“எந்த ஓரங்க?”

“வெள்ளை ஓரம். நாலு பக்கமும் இருந்துச்சே. கீழ... கீழ இருந்துச்சே.”

“அதுவா? வெட்டிட்டோம். வெள்ளை ஓரத்தோட சட்டம் போட்டா செத்தவங்க போட்டோ மாதிரி இருக்கும், நல்லா இருக்காது, வெட்டிடட்டுமான்னு வேடியப்பண்ணன் கேட்டாரு. ஆங், வெட்டிடுங்கன்னு நான்தான்...”

பரந்தாமன் தரையில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் நாற்காலி இருந்தது. அது அவர் கண்ணில் படவில்லை. துணிப்பை இன்னும் தோளிலேயே தொங்கியது.

“அதுலதான் கோமளா, கையெழுத்து. அதுலதான் நம்பரு.”

“கையெழுத்தா? பென்சில்ல என்னமோ கிறுக்கி இருந்துச்சே...”

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

பதினெட்டு வருஷமாகப் பதிவு அலுவலக எழுத்தரோடு குடித்தனம் நடத்துகிறவள் கோமளவல்லி. கையெழுத்து என்றால் மை. மை வராவிட்டால் கட்டைவிரல். பென்சிலில் எழுதியது எதுவும் செல்லாது என்று அந்த வீட்டில் ஆயிரம் முறை சொன்னவரே அவர்தான். படத்துக்கடியில் 17/30 என்று பென்சிலில் இருந்ததைப் பார்த்தபோது, கடையில் யாரோ அளவு குறித்துவிட்டு அழிக்க மறந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தாள்.

“பென்சில் செல்லாதுன்னு நீங்கதானே சொல்லுவீங்க?”

“பத்திரத்துல, கோமளா. பத்திரத்துல.”

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

“இனிமே இதுக்கும் காலண்டருக்கும் வித்தியாசம் இல்ல” என்றார், தரையைப் பார்த்துக்கொண்டே. “இது முப்பதுல ஒண்ணுன்னு எதை வச்சிச் சொல்றது? அச்சடிச்சவரு வந்து, ஆமா, இது என் கையால அடிச்சதுதான்னு சாட்சி சொன்னாத்தான் உண்டு. சாயங்காலம் வர்றதே அவருதான். ஒரு வருஷமா அவரு கைக்கு மனசுக்குள்ள கும்பிடு போட்டுக்கினு இருக்கேன். ஓரத்த வெட்டிட்டேன், நீ வந்து சாட்சி சொல்லுன்னு அவரு மொகத்துல எப்படி முழிப்பேன்?”

வெளியே பக்கத்து வீட்டு விசைத்தறி தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

கோமளவல்லி முந்தானையைச் செருகிக்கொண்டாள்.

“வெட்டுன துண்டு இருக்கும். வேடியப்பண்ணன் எதையும் தூக்கிப் போடற ஆளில்ல. நான் போயி எடுத்தாறேன்.”

“நீ இரும்மா, நான் போறேன்” என்று அடுக்களையிலிருந்து ஓடிவந்தாள் அம்மு. அவள் முகம் வெளுத்திருந்தது. “நான் ஓடிப் போயி வாங்கியாந்துடறேன். நீ நைனா கூட இரு.”

“தப்பு செஞ்சவ நான். நானே போறேன். வேணும்னா நீயும் வா.”

* * *

வேடியப்பன் கடையில் வள்ளி தெய்வானையோடு முருகன் நாற்பது ஐம்பது பேர் சுவரோரம் சாய்ந்து நின்றார்கள். விஷயத்தைக் கேட்டதும் அவர் கையிலிருந்த சுத்தியல் நின்றது.

“அய்யய்யோ. கையெழுத்தா அது? இத்தினி உசத்தியான சரக்குன்னா செவப்பு மையில போட்டிருக்கக் கூடாதா, தங்கச்சி? பென்சில்ல போட்டா எவனுக்குத் தெரியும்?”

“துண்டு இருக்குதாண்ணா?”

“இருக்குது. தாளு அட்டை மாதிரி கெட்டியா இருந்துச்சு. குப்பையில போட மனசு வரல. ஆர்டர் குடுக்கறவங்க பேரெழுதிப் படத்துல சொருகி வைக்கறதுக்கு ஆவும்னு வச்சிக்கினேன்.”

ஆணியில் கம்பி. கம்பியில் கத்தையாகக் குத்தியிருந்தன வெள்ளைத் துண்டுகள். நாலு பக்க ஓரமும் கலந்து கிடந்தது. பென்சில் எழுத்து இருக்கிற அடிப்பக்கத் துண்டுகளை மட்டும் பொறுக்க வேண்டும். தாயும் மகளும் தரையில் உட்கார்ந்தார்கள்.

முதல் துண்டு கிடைத்தது. 17/30. வலது பக்கத்தில் ஓவியரின் கையெழுத்து. கோமளவல்லி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பின்பக்கம் திருப்பினால் வேடியப்பனின் எழுத்து: ‘பெருமாள், பொதட்டூர்பேட்டை. வள்ளி தெய்வானை, பெரிசு.’

“பின்னாலதான் எழுதியிருக்கேன்” என்றார் வேடியப்பன் அவசரமாக. “மூணுலதான் எழுதுனேன், இன்னும் படத்துல சொருகல. முன்பக்கம் கை வைக்கல.”

ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. ஏழு. ஒன்பது. பதினொன்று.

“அவ்வளவுதாம்மா” என்றாள் அம்மு. “பதினொண்ணுதான் இருக்குது.”

“அதெப்படி? பன்னெண்டு படம் வெட்டுனேன், பன்னெண்டு இருக்கணும்” என்றார் வேடியப்பன். “ஒரு துண்டுகூடக் கடைய விட்டு வெளிய போவல. பேரெழுதுன படம்கூட இன்னும் இங்கதான் நிக்குது. நல்லாத் தேடு.”

கோமளவல்லி மறுபடி தேடினாள். கம்பியில் தேடினாள். பலகைக்கடியில் தேடினாள். தலையைத் தூக்கியபோது மகளின் இடது கை கண்ணில் பட்டது. தாவணிக்குள் போயிருந்த அந்தக் கை வெளியே வரவே இல்லை.

அவள் கடையில் எதுவும் கேட்கவில்லை. பதினொரு துண்டையும் தாளில் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள். இருவரும் சரவணப் பொய்கைப் படிக்கட்டுவரை நடந்தார்கள்.

“கையைத் தெற.”

“ம்மா...”

“தெறடி.”

அம்மு திறந்தாள். உள்ளங்கை வியர்வையில் நனைந்து சுருண்டிருந்தது ஒரு வெள்ளைத் துண்டு. கோமளவல்லி அதைப் பிரித்தாள். அதே கையெழுத்து. அதே பென்சில். ஆனால் எண் பதினேழு இல்லை.

30/30.

“இன்னாது இது? நம்மளுது பதினேழுதானே? இது எங்கேருந்து வந்துச்சு?”

அம்மு படியில் உட்கார்ந்து அழுதாள். அழுகைக்கு நடுவே துண்டு துண்டாக வந்தது விஷயம்.

போன கிருத்திகைக்கு அடுத்த வெள்ளிக்கிழமை. தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு ஊறிக்கொண்டிருந்த நேரம். வீட்டில் யாரும் இல்லை. நைனா மட்டும் பார்க்கிற அந்தப் படங்களைத் தானும் ஒருமுறை ஆசை தீரப் பார்க்க வேண்டும் என்று பெட்டியைத் திறந்தாள். ஐந்தாவது படத்தின்மேல் குனிந்தபோது முடியிலிருந்து ஒரு சொட்டு எண்ணெய். சரியாக அந்தச் சிவப்புக் குழைமேல்.

“தொடச்சேன்மா. தொடைக்கத் தொடைக்கப் பெரிசாச்சு. அடுத்த கிருத்திகைக்கு நைனா தெறந்து பாப்பாரேன்னு பயந்துகினு, அந்த ஓவியருக்கு லெட்டர் போட்டேன். இன்னொண்ணு குடுப்பீங்களா, நைனாகிட்டச் சொல்லாதீங்கன்னு. பதிலுக்கு ஸ்கூல் விலாசம் குடுத்தேன்.”

“அவரு அனுப்பிட்டாரா?”

“அவரு அனுப்பல. அவர்கிட்ட அஞ்சாவது படம் இல்லியாம். அச்சடிச்சவரு அனுப்பினாரு. அவருக்குன்னு ஒரு செட்டு குடுத்திருந்தாங்களாம். அதுலேருந்து எடுத்து அனுப்பிட்டு, எண்ணெய் பட்டதைத் திருப்பி வாங்கிக்கினாரு.”

“இன்னா மனுஷண்டி அவரு? பேரு தெரியாத பொண்ணுக்கு...”

“பேரு தெரியும்மா.” அம்மு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “லெட்டர்ல அடியில போட்டிருந்துச்சு. உன் சித்தப்பா இளங்கோவன்னு.”

கோமளவல்லி படிக்கட்டில் உட்கார்ந்தாள். பொய்கைத் தண்ணீரில் யாரோ குளிக்கிற சத்தம் எங்கோ தூரத்தில் கேட்பது போலக் கேட்டது.

இளங்கோவன். பரந்தாமனின் ஒரே தம்பி. ஆறு வருஷத்துக்கு முன் மாமனார் கோதண்டபாணி கண்ணை மூடியபோது சென்னைக்குத் தந்தி போனது. அவன் வரவில்லை. கொள்ளியும் முடிந்து, காரியமும் முடிந்து, பதினாறாம் நாள் பிற்பகல் வந்து வாசலில் நின்றான். ஜாகை மாறிவிட்டேன், தந்தி பழைய விலாசத்திலேயே கிடந்தது என்றான். பரந்தாமன் கதவு நிலையின் இரண்டு பக்கமும் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்று, ‘செத்தவருக்கு விலாசம் தெரியாது’ என்று ஒரே வார்த்தை சொன்னார். அவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அப்படியே திரும்பிப் போனான். அதன்பிறகு அந்த வீட்டில் அந்தப் பெயரை யாரும் சொன்னதில்லை.

“அப்படின்னா... இன்னிக்குச் சாயங்காலம் வர்றது?”

“ஆங். சித்தப்பாதான்.”

“உனக்குத் தெரியுமா? தெரிஞ்சிக்கினா கம்முனு இருந்தே?”

“நைனாவுக்குத் தெரிஞ்சா படத்தையே குடுக்க மாட்டாரேம்மா.”

மலையில் மணி அடித்தது. கோமளவல்லி கையிலிருந்த துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ம்மா, இந்த ஒரு துண்டு மட்டும் தொலைஞ்சி போச்சுன்னு சொல்லிடலாமா? பதினொண்ணு கெடச்சிருக்குதே. நைனாவுக்கு அதுவே போதும்.”

போதும்தான். அது அவளுக்கும் தோன்றியது. ஒரு துண்டைப் பொய்கையில் விட்டால் ஊறிக் கரைந்துவிடும். மகள் தப்புவாள். வருகிறவனை எப்படியாவது ரயிலடியிலேயே பிடித்து, ஓவியர் வேறு ஆளை அனுப்புவார் என்று சொல்லித் திருப்பிவிடலாம். ஆனால் அவருக்குத் தெரியாமல் அவருக்கு நல்லது செய்யப் போய்த்தானே மத்தியானத்திலிருந்து இந்தக் கூத்து? இரண்டாம் தரமும் அதையே செய்வதா?

அவள் எழுந்தாள். பன்னிரண்டாவது துண்டைப் பதினொன்றோடு சேர்த்து மடித்தாள்.

“நட.”

* * *

வீட்டில் பரந்தாமன் பன்னிரண்டு படங்களையும் சட்டத்திலிருந்து கழற்றி, சலவை வேட்டியை விரித்து, அதன்மேல் வரிசையாக வைத்திருந்தார். பக்கத்தில் நோட்டு.

துண்டுகளைக் கண்டதும் அவர் கண் கலங்கியது. கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். முதல் படத்துக்கடியில் முதல் துண்டை வைத்துப் பொருத்தினார். வெட்டின இடத்தில் இரண்டும் சேர்ந்து நின்றன. நோட்டில் அதற்கு நேராக ஒரு குறி போட்டார்.

“பதினேழு” என்றார். “பதினேழு.” அடுத்ததும் பதினேழு.

குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. பதினொன்றாவது துண்டு வரை வந்தபோது முகத்தில் பழைய களை திரும்பியிருந்தது. கோமளவல்லி பார்த்துக்கொண்டே நின்றாள். இப்படியே விட்டுவிட்டால் என்ன என்று மறுபடியும் ஒருமுறை நெஞ்சு கேட்டது.

“அஞ்சாவது மட்டும் பாக்கி. குடு.”

கொடுத்தாள்.

“பதி...” என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். துண்டைக் கண்ணருகே கொண்டுபோனார். சன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். நோட்டைப் புரட்டினார். ‘ஐந்தாவது. குழை. 17’ என்று அவர் கையெழுத்திலேயே இருந்தது.

“இது நம்முது இல்லியே.”

அவர் எழுந்து அலமாரியைத் திறந்தார். நூல் கட்டின கடிதக் கட்டைப் பிரித்து ஓவியரின் முதல் கடிதத்தை எடுத்தார். வேண்டிய வரியை விரலால் தொட்டு உரக்கப் படித்தார்:

“‘முப்பதாவது தொகுப்பு விலைக்கு இல்லை. அது அச்சடித்த கைக்கே சேரும்.’” நிமிர்ந்தார். “அச்சடிச்சவரோட படம் என் பெட்டிக்குள்ள எப்படி வந்துச்சு?”

அம்மு தூணைப் பிடித்துக்கொண்டு விம்மினாள். கோமளவல்லி சொன்னாள். வெள்ளிக்கிழமை, எண்ணெய், குழை, கடிதம். பெயரை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் சொன்னாள்.

பரந்தாமன் மகளைத் திட்டவில்லை. அவர் பார்வை ஐந்தாவது படத்தின்மேலேயே இருந்தது.

“ஒன்பது நிறம்” என்றார் மெதுவாக. “ஒன்பது தடவை துணிய வச்சி இழுக்கணும். ஒரு தடவை கை நடுங்கினாலும் போச்சு. இந்தச் செவப்பப் பாரு, கோமளா. ஒரு நூலிழைகூட நீலத்து மேல ஏறல. எங்க நைனா தறியில ஒக்காந்தா கரை இப்படித்தான் விழும். அந்தக் கையைப் பாக்கணும்னு ஒரு வருஷமா நெனச்சிக்கினு இருக்கேன். இப்ப, யாரோ ஒரு பொண்ணு பயந்துகினு எழுதுச்சேன்னு தன் செட்டையே ஒடைச்சி ஒண்ணு அனுப்பியிருக்கான் அந்த மனுஷன். சாயங்காலம் வரட்டும். அந்தக் கையைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிறேன் பாரு.”

கோமளவல்லிக்கு அதற்குமேல் அடக்க முடியவில்லை.

“அந்தக் கையைத்தாங்க, ஆறு வருஷத்துக்கு முன்னாடி வாசலோட திருப்பி அனுப்பிட்டீங்க.”

பரந்தாமன் அவளைப் பார்த்தார். புரியாதவர் போலப் பார்த்தார். பிறகு படத்தைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். அம்மு தலையை ஆட்டினாள்.

“சித்தப்பாதான், நைனா.”

பரந்தாமன் தரையில் வரிசையாகக் கிடந்த பன்னிரண்டு படங்களையும் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை பார்த்தார். கையைக் கழுவிவிட்டு, விரதம் இருந்து, மாதாமாதம் எடுத்துப் பார்த்த படங்கள். ஒவ்வொன்றும், ஒவ்வொரு நிறமும், அந்தத் தம்பியின் கை இழுத்தது.

அவர் காலை மெல்லப் பின்னால் எடுத்துவைத்தார். படத்தின் பக்கத்தில் நிற்கவே பயந்தவர் மாதிரி இருந்தது.

எதிர்வீட்டிலிருந்து தாயாரம்மாளின் குரல் கேட்டது.

“யாருப்பா அது, வீடு தெரியாத மாதிரி நின்னுகினு இருக்கறது? அட, நம்ம இளங்கோவனா? இன்னாடா இது, காதோரமெல்லாம் நரைச்சிப் போச்சு!”

தெருவில் செருப்புச் சத்தம். நாலு எட்டு நடந்தது. வாசலுக்கு நேரே வந்து நின்றது. கூப்பிடவில்லை. கதவைத் தட்டவும் இல்லை.

அம்மு ஓடப் பார்த்தாள். கோமளவல்லி அவள் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

பரந்தாமன் போனார். கதவு திறந்துதான் இருந்தது. நிலைக்கு இப்பால் நின்று, வலது கையை உயர்த்தி நிலையின் ஒரு பக்கத்தில் ஊன்றினார். வெளியே நிற்பவனின் முகம் கோமளவல்லிக்குத் தெரியவில்லை. மை ஏறி நகக்கண் நீலம் பாரித்த ஒரு கை மட்டும் தெரிந்தது. அதில் ஒரு தகரக் குழாய்.

பரந்தாமனின் இடது கையில் அந்த வெள்ளைத் துண்டு இன்னும் இருந்தது. அந்தக் கையும் மெல்ல மேலே எழுந்தது.

அது நிலையின் இன்னொரு பக்கத்தில் ஊன்றப் போகிறதா, வேறு எங்காவது போகிறதா என்று கோமளவல்லி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.